மாப்பிள்ளை அடித்த வெள்ளை

அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அதை அடித்த பெயிண்டர். படம் மாட்ட நாலு ஆணி அடிக்கச் சொல்லித்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். கறை கறையாக நின்ற சுவரைப் பார்த்ததும் தொழில்காரன் கை சும்மா இருக்குமா? சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, மேலே இரண்டு கோட் வெள்ளையும் அடித்துவிட்டான். முகம் பார்க்கலாம் போல இருந்தது. சற்று நேரத்தில் அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதலில் வந்தவர் டெய்லர், அவன் மனைவிக்குச் சித்தப்பா.

"சுவரு எங்க மாப்பிள்ளை?"

"இதோ இருக்கே மாமா."

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "பரவாயில்ல. பளிச்சுனுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, உட்கார ஸ்டூல் தேடினார்.

அந்தத் தெருவே சாயப் பட்டறையை நம்பி வந்து குடியேறிய தெரு. பட்டறையை இடித்தபோது தப்பியது இந்தச் சுவர் நிற்கிற கைகழுவும் கொட்டகை மட்டும்தான். தெருக்காரர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அதை வாங்கி, பழைய போட்டோக்களும் சாயம் கிண்டும் துடுப்புகளும் வைத்துத் தங்கள் கதையைச் சொல்லும் அறையாக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் திறப்பு. பட்டறை ஓடிய காலத்தில், சாயம் சோப்புக்குப் போகாது என்பதால் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் முதலில் சுவரில் கையை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்புறம்தான் குழாய். நீலத் தொட்டிக்காரர் நீலம், சிவப்புத் தொட்டிக்காரர் சிவப்பு. தலைமுறைக் கணக்கில் பதிந்த அத்தனை கைகளையும்தான், பட்டறைக்குள் ஒருநாளும் வேலை பார்க்காத பெயிண்டர் 'அழுக்கு' என்று எடுத்துக்கொண்டான்.

கெட்ட செய்திக்குக் கால் அதிகம். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை.

"விடுங்க மாப்பிள்ளை, தெரியாம செஞ்சது." "சுவருதானே மாப்பிள்ளை." முன்பு கேன்டீன் நடத்திய அக்கா மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சனியன் பிடிச்ச ஏணிக்கு ஏறி நிக்க வேற இடமே கிடைக்கல போலிருக்கு."

ஏணி தலைகுனிந்து நின்றது. பெயிண்டரும்தான்.

தெருவுக்கு அவன் மாப்பிள்ளையாக வந்தவன். தலை நரைத்த பிறகும் மாப்பிள்ளைதான். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். முதல் வேலை இந்தத் தெருவில்தான் கிடைத்தது. சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது, முறை வைத்துச் சோறு அனுப்பியதும் இதே ஆட்கள்தான். அந்த நன்றிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் இந்த வேலையில் வலியப் போய்ச் சேர்ந்தான். இப்போது செய்தும் விட்டான். மாப்பிள்ளையைத் திட்ட முடியாது, விருந்தாளியைத் திட்ட முடியாது. தெருக்காரனாக இருந்தால் இந்நேரம் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. அதுதான் அவனைச் சுட்டது.

துணியைத் தின்னரில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். பிரைமர் அசையவில்லை. வாழ்நாளில் முதல் முறையாகத் தன் வேலையின் தரத்தை நினைத்து நொந்துகொண்டான்.

"சொரண்டாதீங்க" என்றார் டெய்லர். எழுந்து வந்து வெள்ளையில் ஓரிடத்தைத் தொட்டார். "எங்கண்ணன், உங்க மாமனார், கை இங்கதான். நீலம். கட்டை விரல் மெஷின்ல போயிடுச்சு. நாலு விரல்தான் இருக்கும்."

பெயிண்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் நாலு கோடு போட்டான். பக்கத்தில் 'நீலம்' என்று எழுதினான்.

"இன்னும் கொஞ்சம் மேல, தம்பி. அவரு நெட்டை" என்றாள் கேன்டீன் அக்கா. ஏணியை மறந்துவிட்டாள். "அதுக்குப் பக்கத்துல பச்சை. அது ரெண்டு பேரு. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினப்புறமும் ஒரே இடத்துலதான் துடைப்பானுங்க, வீம்புக்கு."

அவர்கள் சொல்லச் சொல்ல அவன் கோடு போட்டான். ஆனாலும் ஒவ்வொரு கைக்கும் நடுவில் யாராவது ஒருவர் "பரவாயில்ல மாப்பிள்ளை" என்பதை விடவில்லை.

அப்போது மாமியார் வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. சிவப்புத் தொட்டியில் வேலை பார்த்தவள். கல்யாணமான நாளிலிருந்து மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். அவர் வந்தால் சாப்பிடச் சொல்லு. அவருக்குக் குடை எடுத்துக் கொடு.

சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவரை நகரச் சொல்லு" என்றாள் மகளிடம்.

அவன் நகரவில்லை. "அத்தே, நீங்களாவது நேராச் சொல்லுங்க. நான் கெடுத்துட்டேனா, இல்லையா?"

மகள் வாயைத் திறந்தாள். மாமியார் அவளைக் கையமர்த்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"கெடுத்துட்டே. மொத்தமாக் கெடுத்துட்டே. என் வீட்டுக்காரர் விரலு நாலும் போச்சு. ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாய்க்குள்ளயும் பட்டியா வச்சுப் பூசியிருந்தே? பென்சிலைக் கீழ கொண்டா. இன்னும் கீழ. இவ வயித்துல இருந்தப்போ இங்க கையை ஊனிக்கிட்டுதான் மூச்சு வாங்குவேன். அஞ்சு விரலும் போடு. சிவப்புன்னு எழுது. இனிமே இந்தச் சுவத்துல பிரஷ்ஷை வச்சே, உன் கையை ஒடிச்சுடுவேன்."