குழாயில் இரண்டு தட்டு

சர்க்கரை ஆலையின் புகைபோக்கியைச் சாய்க்க வெடி வைத்து முடித்திருந்தார்கள். அந்த இடத்தில் குடோன் வரப்போகிறதாம், ஊர்க்காரர்களுக்கு வேலையாம். நான் நம்பவில்லை. ஆனாலும் ஊரோடு சேர்ந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

என் கொழுந்தியாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, உங்க சகலை உள்ள இருக்காரு. பித்தளை வால்வு கழட்டப் போனவரு இன்னும் வரல."

"கான்ட்ராக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"திருடன்னு பிடிச்சுப்பாங்க மாமா. பொண்ணுக்குக் குடோன்ல வேலை சொல்லியிருக்காங்க. அது போயிடும்."

அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆலையை மூடியபோது நாங்களெல்லாம் போராட்டமென்று வாசலில் கிடக்க, முதல் ஆளாகப் போய்க் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டவன். அதற்காக அவன் மேல் ஆலையைச் சாய்க்க முடியுமா?

கயிற்றைத் தாண்டினேன். கான்ட்ராக்டர் ஓடி வந்தான்.

"பெரியவரே, எங்க போறீங்க?"

"உள்ள ஆள் இருக்கா, பாத்தியா?"

"எல்லா ரூமும் பாத்தாச்சு."

"சாம்பல் குழி?"

"அதுக்குள்ள பேய்தான் போகும்."

பின்னால் சிரித்தார்கள்.

பாய்லரைப் பற்ற வைக்கும் முன் குழாயில் இரண்டு தட்டு தட்டுவோம். சாம்பல் குழியில் ஆள் இருந்தால் ஒரு தட்டு திரும்பி வரும். அந்தக் காலத்தில் மேலே தட்டியவன் நான், குழியில் கிடந்தவன் சகலை. கல்லை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் இரண்டு தட்டினேன்.

பதில் இல்லை. மாட்டிக்கொள்வோமென்று பதுங்குகிறான், பாவி.

"நேரமாச்சு, நகருங்க." கான்ட்ராக்டர் என் தோளைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு மறுபடி தட்டினேன்.

டங்.

தோளில் இருந்த பிடி தளர்ந்தது.

சகலை தலையிலிருந்து கால்வரை கரியாக வெளியே வந்தான். கை வெறுங்கை. கயிற்றோரம் நின்ற ஆலைக் காவலாளி அவனை மறித்தான்.

"உள்ள என்ன வேலை?"

"நான்தான் அனுப்பினேன். ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு பாக்க" என்றேன்.

காவலாளி சகலையை முறைத்தான். "இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்" என்றான் சகலை.

கூட்டம் சிரித்ததில் காவலாளிக்கும் வாய் கோணியது. வழி விட்டான்.

புகைபோக்கி விழுந்தது. புழுதிக்குள் பக்கத்தில் நின்ற சகலை, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பேசாம பதுங்கிடலாம்னுதான்ணே இருந்தேன். நீங்க தட்டுனதும் கை தானா தட்டிடுச்சு. நல்ல வால்வு, போச்சு."

"மூஞ்சியக் கழுவுடா. உன் பொண்ணு பாக்குது" என்றேன்.