ஒரே பெயரில் இரண்டு படங்கள்

வேலைக்குக் கிளம்பிய சின்னவளை மாடிப்படியில் நிறுத்தி, புது அண்ணி கேட்டாள்: "அந்தப் படத்த மறுபடியும் நீங்கதான் மாத்தினீங்களா?"

"எந்தப் படம், அண்ணி?"

அண்ணி கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். 'அம்மா' என்ற பொத்தானில் பழைய அண்ணியின் முகம். அவள் இறந்து மூன்று வருடமாகிறது. படத்தில் முடி காற்றில் பறக்க, யாரையோ கூப்பிட வாயெடுத்தவள்போல் இருந்தாள்.

"போன வாரமும் இப்படித்தான் இருந்துது. என் படத்த வெச்சேன். இன்னிக்கு மறுபடியும் இவங்க. பரவாயில்ல, வேணும்னா வெச்சுக்கலாம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்தியிருக்கலாம்."

"சத்தியமா நான் தொடல, அண்ணி."

அண்ணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

டேப்லெட் அண்ணன் மகள் சிட்டுவினுடையது. ஐந்து வயது. காது கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், பேச்சு மட்டும் வரவில்லை. படத்தைத் தொட்டால் டேப்லெட் அவளுக்காக அந்தச் சொல்லைச் சொல்லும். அந்த நிரலை எழுதியவள் சின்னவள். தட்டு, செருப்பு, வயிற்றுவலி என்று படங்களை வரைந்தவள் ஓவியரான புது அண்ணி. ஆய்வகமொன்றில் கணினிகளைப் பராமரிக்கும் அண்ணன், மூவரின் கோப்புகளும் சேரும் பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தான். யார் எதை மாற்றினாலும் அது அவர் பெயரோடு பதிவாகி, டேப்லெட்டுக்கும் போய்விடும். சின்னவளிடம் விண்டோஸ், அண்ணியிடம் மேக், அண்ணனிடம் லினக்ஸ். களஞ்சியத்துக்குக் கோப்புகளை அனுப்பவும் அங்கிருந்து இறக்கவும் ஆளுக்கொரு கிளையண்ட் செயலி.

சின்னவள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி மேலே ஏறி, லேப்டாப்பைத் திறந்து பதிவைப் பார்த்தாள். 'அம்மா' படம் முந்தின நாள் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது.

நேற்று அவள் டேப்லெட் பேசும் குரலின் வேகத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான். அனுப்பும்போது மாறிய கோப்புகள் என்று கிளையண்ட் காட்டிய எல்லாவற்றையும் படித்துப் பார்க்காமல் டிக் செய்திருந்தாள். அதில் இந்தப் படம் எப்படி வந்தது?

தான் நேற்று அனுப்பியதைத் திரும்பப் பெற்றாள். உடனே மாறிய கோப்புகளில் 'அம்மா' வந்து நின்றது. அவள் எதையும் தொடவில்லை. மாற்றத்தைக் கைவிடு என்று அழுத்தினாள். ஒன்று மறைந்தது, அதே இடத்தில் இன்னொரு 'அம்மா' முளைத்தது. கோப்புறையைத் திறந்தால் பழைய அண்ணி. மறுபடி கைவிட்டாள். இப்போது புது அண்ணி. பட்டியலில் மட்டும் மாற்றம் அப்படியே இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். "அண்ணி, உங்க மேக்ல என்ன காட்டுதுன்னு பாக்கலாமா?"

சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அண்ணியின் கிளையண்டும் அதே கூத்தைத்தான் ஆடியது.

"எனக்கும் இப்படி வரும்," என்றாள் அண்ணி. "நான் நீங்க ஏதோ செய்றீங்கன்னு நெனச்சு, என் படம் வர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே இருப்பேன். வந்ததும் அனுப்பிடுவேன்."

"நானும் அனுப்பியிருக்கேன், பாக்காம."

"அப்ப யாருதான் இத செய்றது?"

அண்ணி எழுந்து அடுப்பைத் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் சட்டைகூட மாற்றாமல் தன் லினக்ஸ் கணினியைத் திறந்தான். கோப்புறையில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் ஆங்கில எழுத்தில் அம்மா என்றே பெயர். ஒன்றின் முதல் எழுத்து பெரியது, மற்றதன் முதல் எழுத்து சின்னது.

"லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற, அதனால இது ரெண்டு பேர். உங்க ரெண்டு மிஷினுக்கும் ஒரே பேர். ஒரு இடத்துல ரெண்டு பேர உக்கார வெக்க முடியாம, ஒருத்தர எழுப்பி ஒருத்தர உக்கார வெச்சிருக்கு. கிளையண்ட் அத நீங்க மாத்தினதா நெனச்சிருக்கு."

"ரெண்டு எதுக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

அவன் திரையையே பார்த்தான். "பெரிய எழுத்து அவளோடது. நீ வந்ததும் உன் படத்த சின்ன எழுத்துல சேத்து, பொத்தான அதுக்கு மாத்தினேன். பழச அழிக்கணும்னுதான் இருந்தேன். கை வரல."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது?"

சின்னவள் தன் லேப்டாப் மூடியைத் தடவிக்கொண்டு நின்றாள். அண்ணிமேல் இரக்கமா, அண்ணன்மேல் கோபமா, அவளுக்கே புரியவில்லை. அண்ணி மட்டும் திரையருகே குனிந்து, அந்தப் பழைய படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஃபைலுக்கு வேற வேற பேரு வைங்க," என்றாள் கடைசியில். "ரெண்டு பொத்தானும் இருக்கட்டும்."

"டேப்லெட் என்ன சொல்லணும்?" என்று சின்னவள் தயங்கிக் கேட்டாள். "அம்மா ஒண்ணு, அம்மா ரெண்டுன்னா?"

"சத்தம் ரெண்டுக்கும் அம்மாதான். வேற என்ன சொல்றது?"

அண்ணன் தன் கணினியிலேயே பெயர்களை மாற்றி அனுப்பினான். மற்ற இருவரும் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொண்டார்கள். மாற்றம் எதுவும் இல்லை என்றது கிளையண்ட். சின்னவள் அதை நம்பாமல் இன்னும் இருமுறை பார்த்தாள்.

சிட்டு டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். புதுப் பொத்தானைக் கண்டு கொஞ்சம் யோசித்தாள். பழைய அண்ணியைத் தொட்டாள். "அம்மா" என்றது டேப்லெட். புது அண்ணியைத் தொட்டாள். "அம்மா" என்றது. பிறகு யாரையும் பார்க்காமல் 'தண்ணீர்' பொத்தானைத் தொட்டாள்.

எந்த அம்மாவிடம் கேட்டாள் என்று பெரியவர்கள் மூவருக்கும் விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை. அண்ணி எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். சிட்டு முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.