எவாரிஸ்தோவின் பானை வாரம்

எவாரிஸ்தோவுக்குப் பேச்சு என்றால் உயிர். காலமெல்லாம் பேருந்து ஓட்டிக்கொண்டே பேசியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, கட்டிடச் சொந்தக்காரர் பெவிலாக்வா வருகிற வாரமாகப் பார்த்துத் தொப்பிக்குள்ளிருந்து வந்த சீட்டு, 'பானை'.

ரொசாரியோ நகரத்தின் ஒரு தெருவில் இருக்கும் 'எல்லோர் கூரை' சங்கத்துக்குத் தலைவரும் கிடையாது, செயலாளரும் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களை யாராவது தெருவில் தள்ள வந்தால் எல்லோரும் போய் அந்த வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் பெவிலாக்வாவிடம் வாடகைக்கு எடுத்த கூடத்தில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். திங்கட்கிழமை தொப்பி சுற்றி வரும். காய் நறுக்குவது, சாவி, பானை, வாய் என்று சீட்டு விழும். 'வாய்' விழுந்தவர்தான் அந்த வாரம் வெளியாட்களிடம் பேச வேண்டும். ஆனால் தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது; உள்ளே வந்து கேட்க வேண்டும். சம்மதமென்றால் எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். ஒரே ஒருவர் நெஞ்சில் முஷ்டி வைத்தாலும் போச்சு, முதலிலிருந்து பேச வேண்டும். குழம்பில் பூசணி போடலாமா என்பதற்கே ஒருமுறை அரை நாள் ஓடியது, அட ஆண்டவா!

அந்த வாரம் வாய் நெலிதாவுக்கு. அவள் தையல்காரி. எந்நேரமும் பல்லிடுக்கில் குண்டூசி இருப்பதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டாள்.

"எனக்குக் குடுத்துடேன் நெலிதா, நீ பானையைப் பாரு," என்று எவாரிஸ்தோ கெஞ்சினார். "கூடமே போயிடும்மா."

"விழுந்தது விழுந்ததுதான், அண்ணே. நல்லா அழுத்தித் தேய்ங்க, அடிப்பிடிச்சிருக்கு."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. மாதக் கடைசியில் கூடத்தைக் கிடங்காக்கப் போவதாகப் பெவிலாக்வா சொல்லியனுப்பியிருந்தார். மனைவி போனபின் எவாரிஸ்தோவுக்கு வீடு என்பது படுக்கிற இடம், அவ்வளவுதான். நாலு முகம் பார்ப்பதும் ஒரு வாய் சூடாகச் சாப்பிடுவதும் இங்கேதான். இதுவும் போனால் அவருக்குப் போக்கிடமே இல்லை.

பெவிலாக்வா மத்தியானம் வந்தார். சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு துணித் திரைதான், பேச்செல்லாம் கேட்டது.

"யாரும்மா இங்க பொறுப்பு?"

"எல்லாரும்தான்யா."

"நல்லா இருக்கு! போன தடவை வேற ஆளு, அதுக்கு முந்தி வேற ஆளு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் சட்டையைப் பிடிக்கிறது? அந்த பஸ்காரர் எவாரிஸ்தோ விவரமானவர். அவரைத் தலைவர்னு போட்டு, வாடகைப் பத்திரத்துல அவர் ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும். கிடங்கை நான் வேற எடத்துல பாத்துக்கறேன். இல்லேன்னா காலி பண்ணுங்க."

உள்ளே எவாரிஸ்தோ நுரைக் கையோடு நின்றுவிட்டார். தலைவர்! மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நெலிதா திரையை விலக்கிக்கொண்டு, சமையற்கட்டில் கூடியிருந்த எல்லோரிடமும் வந்தாள். "கேட்டீங்கல்ல?"

பெயருக்குத்தானே தலைவர், கூடம் பிழைத்தால் போதும் என்று ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். விரல்கள் என்னவோ ஆடின, முகங்களில் களையில்லை. எவாரிஸ்தோவின் கை மட்டுமே பாக்கி.

யாராவது கொஞ்சம் புகழ்ந்தால் தான் எதற்கும் தலையாட்டிவிடுவோம் என்பது அவருக்கே தெரியும். தனியாக இருக்கிற வீட்டுக்கு வந்து பெவிலாக்வா, "இனிமே யார் வாசல்லயும் உக்காராதீங்க," என்று தோளில் கை போட்டுச் சொன்னால் என்ன செய்வார்? அவர் முஷ்டியை நெஞ்சில் வைத்தார். சட்டையெல்லாம் நுரை.

"யோவ், உம்மைத்தானய்யா தலைவராக்கறாங்க!" என்றான் ரொட்டி சுடுகிற சிப்ரியானோ.

"அதனாலதான்டா வேணாங்கறேன். கூடம் போனா எனக்கு நாதியில்ல. ஆனா அந்தாளு ரெண்டு தட்டு தட்டினா நான் சரின்னுடுவேன். எல்லார் பேரையும் போடச் சொல்லு நெலிதா."

அத்தனை கைகளும் மறுபடி உயர்ந்தன. இந்த முறை முகங்களும் சேர்ந்து சம்மதித்தன.

"தலைவர் வேணாமாம்," என்றாள் நெலிதா வெளியே போய். "அவரே சொல்லிட்டார். நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

"இதென்ன வம்பாப் போச்சு! அப்புறம் நான் யாரைத் தேடறது?"

நெலிதா பல்லிடுக்கிலிருந்த குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்தினாள். திரைக்குப் பின்னால் எவாரிஸ்தோவுக்குப் பதில்கள் தொண்டை வரை வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

"ஒருத்தர்னா ஊரை விட்டு ஓடிடலாம்யா," என்றாள் அவள் நிதானமாக. "இத்தனை குடும்பமும் எங்க ஓடறது? எந்தக் கதவை வேணா தட்டுங்க, திறப்போம்."

பெவிலாக்வாவின் இன்னொரு கட்டிடத்தை ஒற்றைக் கையெழுத்தில் வாடகைக்கு எடுத்த ஆசாமி, கதவு ஜன்னலையும் கழற்றிக்கொண்டு மாயமானது தெருவுக்கே தெரிந்த கதை. நெலிதா ஒரு கிண்ணம் சோளக் குழம்பை அவர் முன் வைத்தாள். அவர் முனகிக்கொண்டே அதைக் காலி செய்தார்.

"சரி, பேனா இருக்கா?" என்றார்.

எல்லோரும் போட்டார்கள். எவாரிஸ்தோவின் பெயர், நெலிதாவுக்கும் சிப்ரியானோவுக்கும் நடுவே, ஈரக் கையால் கொஞ்சம் கலங்கி விழுந்தது. பெவிலாக்வா போகிற போக்கில் சமையற்கட்டில் தலையை நீட்டினார்.

"தலைவர் பதவியைக் கோட்டை விட்டுட்டீரேய்யா!"

"ஆயிருந்தா இந்தப் பானையை யாரு தேய்க்கிறது?"

கூடமே வயிறு குலுங்கச் சிரித்தது. எல்லோரும் கிளம்பத் தொடங்கியதும் நெலிதா இன்னொரு கரிப்பானையைத் தூக்கிவந்து ஓரமாக வைக்கப் போனாள்.

"இது நாளைக்கு ஆகட்டும் அண்ணே. நேரமாச்சு."

"இங்கயே வை. வீட்டுக்குப் போக எனக்கு என்னம்மா அவசரம்?" என்று எவாரிஸ்தோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.