ஒழுகிய சதுரம்

வலது கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து குழாய் வேலைக்காரர் வீட்டோடுதான் இருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் வண்ணம் ஊற்றிக் காட்டினால்தான் வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் பரிசோதனை.

தானாகவே சதுரம் போட்டுத் தரும் பட்டன் ஒன்று உண்டு, கண்ணுகளா. அதைத் தொடக் கூடாது. மவுஸைப் பிடித்துக் கையால்தான் இழுக்க வேண்டும். கோட்டில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் போச்சு, ஊற்றிய வண்ணம் வெளியே வழிந்து திரை முழுவதையும் நிறைத்துவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகிப் பார்த்தார். பதினோராவது முறையும் எல்லாம் சிவந்து போனது.

"முப்பது வருஷமா குழாய் மாட்டுறேன். ஒரு சொட்டு ஒழுகியிருக்குமா?"

"நம்ம வீட்டுக் குழாயைத் தவிர," என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இன்னொரு சதுரம் வரைந்துவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். கீழ் மூலையில் ஓட்டை இருந்தது. சின்னதாக ஒரு கோடு இழுத்து அடைத்துவிட்டாள்.

அவர் வந்து வண்ணத்தை ஊற்றினார். சிவப்பு சதுரத்துக்குள்ளேயே நின்றது.

"பாத்தீங்களா, வந்துடுச்சு!"

அவர் கீழ் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் கோடு நடுங்காமல் இருந்தது.

"நீ அடைச்சியா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"நாளைக்கு டாக்டர் ரூம்ல யாரும்மா வந்து அடைப்பா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் கோட்டை இழுத்தார். அது பாதியிலேயே கோணிக்கொண்டு போனது.