காற்றுக்குழாய் வைத்த கண்ணாடிக்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்பது அவருக்கு முன்னால் எதிர் வீட்டுத் தையல்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படிக்கு அந்தப் பக்கம் அவர் கதவு, இந்தப் பக்கம் அவள் கதவு. அவர் கதவு திறந்தால் இவள் மெஷின் நின்றுவிடும். கேட்டால் நூல் அறுந்துவிட்டது என்பாள். பாவம், நல்ல நூலே அவளுக்கு வாய்ப்பதில்லை.

கண்ணாடிக்காரரின் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. விசாரிப்பவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் வைத்திருந்தார்: "அடுத்த வாரம் வந்துடுவா." எந்த அடுத்த வாரம் என்று கேட்கும் அளவுக்குத் தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றால், "ரெண்டு வேளையும் நான்தான் சமையல். கை பழகிடுச்சு" என்பார். கடையை மூடிவிட்டு வரும்போது அவர் பையின் அடியில் எண்ணெய் வட்டம் தெரியும். அதையும் தெரு பார்த்தது, பார்க்காதது போலவும் இருந்துகொண்டது.

நாற்றம் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்ததும் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் சிங்க்குக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, வளைந்த குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் தட்டினார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"சார், இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அதுதான் சாக்கடை நாத்தத்துக்குப் பூட்டு. இது காஞ்சு கிடக்கு. சிங்க்கைப் புழங்குறீங்களா, இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் வாசலில் இஞ்சு டேப்பும் கையுமாகத் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். அங்கே எதை அளக்க வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. 'இல்லை' என்று சொன்னால் சமையல் பொய். சமையல் பொய் என்றால் அடுத்த வாரமும் பொய். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தினமும் சமைக்கிறேன். பாத்திரம் கழுவாம இருப்பேனா?"

பிளம்பர் குழாயையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ மேல் வீட்டுத் தண்ணி இறங்குறப்ப இதுல இருக்கறதையும் சேர்த்து உறிஞ்சிட்டுப் போகுது. உள்ள காத்து வர்றதுக்குக் காத்துக்குழாய் வெக்கலை. சுவத்தை உடைச்சு ஒண்ணு வெச்சா சரியாயிடும். உடைக்கவா?"

அந்தச் சுவரில் இருந்த நீல ஓடுகள் மனைவி கடைகடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவை. அவர் ஓடுகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"உடைங்க."

தையல்காரம்மாவின் வாய் திறந்தது. எந்த வம்பையும் உள்ளே வைத்துப் பழகாத வாய். அன்றைக்கு என்னவோ, ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொண்டது.

ஓடுகள் தூளாயின. வெளிச்சுவரில் வெள்ளைக் குழாய் ஒன்று மொட்டை மாடி வரை ஏறி நின்றது. "என்னப்பா, கப்பல் கட்டறியா?" என்று கீழ் வீட்டு மாமா கேட்டுவிட்டுப் போனார். பிளம்பர் சோதித்துப் பார்க்க ஊற்றிய தண்ணீர் வற்றும்வரை வீடு வீடாக இருந்தது. அப்புறம் பழைய நாற்றம், புதுக் குழாயைக் கொஞ்சம்கூட மதிக்காமல் திரும்பி வந்தது.

பிளம்பரை மறுபடி கூப்பிட அவருக்கு முகமில்லை. ஒரு சாயங்காலம் ஜன்னலையும் கதவையும் திறந்துபோட்டு, சமையலறையில் நின்றபடியே ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்தார். தையல்காரம்மா ஒரு ஜக் தண்ணீரோடு உள்ளே வந்தாள். நேராகப் போய்ச் சிங்க்கில் ஊற்றினாள். குழாய் களக் களக்கென்று குடித்தது.

"அவ்ளோதாண்ணே. இனி நாறாது."

பொட்டலத்தை மறைக்க நேரமில்லை. "உனக்கெப்படிம்மா தெரியும்?"

"அண்ணி எப்போ ஊருக்குப் போனாலும் சாவியைக் கையில கொடுத்து, 'அவரு சிங்க் பக்கமே போகமாட்டாரு, நீ தினம் ஒரு ஜக் ஊத்திடு'ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நீங்க கடையில இருக்கறப்ப வந்து ஊத்திட்டுப் போவேன்."

"அப்போ இத்தனை நாளா ஏன் ஊத்தலை?"

 அந்த வாயாடி, ஜக்கின் ஈரமில்லாத கைப்பிடியைத் துடைத்தாள்.

"இந்தத் தடவை சொல்லலைண்ணே. சாவியும் கொடுக்கலை."

மனைவி பெட்டியோடு படியிறங்கிய அன்றைக்கே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தெருவில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அவள் போனபின் அவர் ஆறிப்போனதைத் தின்று முடித்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்துச் சிங்க்கில் ஊற்றி, அந்தச் சத்தம் அடங்கும்வரை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

மறுநாள் காலை படியிறங்கும்போது கீழ் வீட்டு மாமா வழக்கம்போலக் கேட்டார். "என்னப்பா, வீட்டுல அடுத்த வாரம்தானே?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"வரமாட்டா மாமா."

மேலே தையல் மெஷின் சட்டென்று நின்றது. பிறகு, காதில் ஒன்றும் விழாததுபோல, முன்னைவிடச் சத்தமாக ஓடத் தொடங்கியது.