எந்த வாரேன்?

என் கணவர் ரூபன் எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது தேனாக இனித்தது. மில் மேனேஜரிடமும் அதையேதான் சொல்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கே கிளம்பினாலும் பாதி வழியில் மில்லிலிருந்து போன் வரும், வண்டி திரும்பும். என் தங்கை கழுத்தில் தாலி ஏறும்போதும் அவர் பக்கத்தில் இல்லை. சித்திரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு காரமடைக்கு, என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆடி மாதம் அவரே தேடி வந்தார். மஞ்சூர் மலையில் ஒரு கூட்டம் நடைப்பயணம் போகிறது, மூன்று நாள், கூடாரத்தில் தங்கல், போலாமா என்றார். எனக்கு ரொம்ப நாள் ஆசை அது. ஆனாலும் விடுவேனா?

"முழுசா நடக்கோணுமுங்க. பாதியில திரும்புனீங்கன்னா நான் உங்க ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"ஆகட்டுங்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் முழுக்க மழை. தேயிலைத் தோட்டம் தாண்டிச் சோலைக்குள் நுழைந்ததும் காலெல்லாம் அட்டை. அவர் குனிந்து என் காலில் உப்பைத் தடவினார். தன் காலைப் பார்த்துக்கொள்ளவில்லை. கடைக்காரன் சொன்னதற்கும் ஆகட்டுங் என்று வாங்கிய இறுக்கமான ஷூ, குதிகாலைத் தின்றிருந்தது. எங்கள் கூடாரத்தின் துணி என் பையில், கம்பிகள் அவர் பையில். ராத்திரி அதற்குள் ஒட்டாமல் படுத்திருந்தோம்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு எஸ்டேட் ரோட்டைக் கடந்தோம். இலை ஏற்றிய லாரி ஒன்று கீழே போகத் தயாராக நின்றது. "முடியாதவங்க இதுல ஏறிக்கலாமுங்க. மத்தவங்க முன்னால போங்க, பாதை ஒண்ணுதான்," என்றார் வழிகாட்டி நஞ்சுண்டன். அந்த நேரம் பார்த்து ரூபனின் போன் அடித்தது. மில்தான். ஒதுங்கிப் போய்ப் பேசினார். நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வாரேன்," என்றார்.

எங்கள் பக்கம் விடைபெறுகிறவர் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார். 'வாரேன்' என்றுதான் சொல்வார். வாசல்வரை வந்து வழியனுப்புகிறவரும் 'வாங்க' என்பார்.

"வாங்க," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. விடுவிடுவென்று மேலே ஏறினேன். பின்னால் லாரி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக அழுதேன். அத்தனை மழையில் யாருக்குத் தெரியப்போகிறது? அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கோபத்தில் சபதம் போட்டுவிட்டேனே தவிர, எனக்கு அந்த மனுசன் வேண்டும்.

முகாமில் எல்லோரும் கூடாரம் போட்டார்கள். நான் கம்பியில்லாத துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். கம்பியையும் கொண்டுபோய்விட்டாரே என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து நஞ்சுண்டன் வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியபடி, ரூபன்.

"லாரியில போகலீங்களா?"

"எதுக்கு? நாந்தான் வாரேன்னு சொன்னனே, கொடி. நீயும் வாங்கன்னே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மில்லுல என்னன்னாங்க?"

"மெசின் நின்னுபோச்சாம். முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன்." சொல்லிவிட்டு, தானே நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் அவர் காலுக்கு மருந்து போட்டேன். பிறகு இருவருமாகக் கம்பியை மாட்டினோம்.

மூன்றாம் நாளும் அவர் நடந்தார். நொண்டினார்தான், நிற்கவில்லை.

சாயங்காலம் வேன் மலையிறங்கி, ரூபனின் ஊருக்குப் போகும் வழியில் காரமடையில், என் அம்மா வீட்டுத் தெருமுனையில் நின்றது. ரூபன் இறங்கி, என் பையை எடுத்துக் கீழே வைத்தார். நான் இருக்கையைவிட்டு எழவில்லை.

"வாரேன்," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆகட்டுங் என்று தலையாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வேனின் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வாரேன், கொடி?"

"அந்தப் பையை மறுபடியும் உள்ள வெய்யுங்க," என்றேன்.