நார்த்மீட்டில் பிறந்த நாய்

1

இந்தக் கதை ஒரு வேண்டுகோளாக என்னிடம் வந்தது. வேண்டுகோள் என்பது மரியாதைக்கு. வரதராஜா அண்ணை யாரிடமும் எதையும் வேண்டுவதில்லை, ஒப்படைப்பார். மூன்று கிழமைக்கு முன் வீட்டுக்கு வந்து, உப்பு ஏறி வீங்கிப்போன ஒரு குறிப்பேட்டை நீட்டினார்.

"தம்பி, இதைத் தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு பயணக் கட்டுரையா எழுதித் தாரும். தலைப்பை நானே போட்டிட்டன்."

தலைப்பு: பசுபிக்கை வென்ற தமிழன்.

அவரை அறியாதவர்களுக்கு: சிவில் என்ஜினியர். சிட்னியின் நார்த்மீட்டில் தன் வீட்டு வளவுக்குள் ஆறு வருடம் பாடுபட்டு, கம்பி வலையின் மேல் சீமெந்து பூசி, ஒரு பாய்மரப் படகு கட்டினார். (சீமெந்து மிதக்குமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். ஒன்றரை மணித்தியாலம் விளக்கம் கிடைத்தது.) படகின் பெயர் 'கடல் வேந்தன்'. பத்து வருடச் சேவைக்குக் கிடைத்த நீண்ட விடுமுறையை அரைச் சம்பளத்தில் இரட்டிப்பாக்கி, இந்த 1977 மே மாதம் மனைவி இரஞ்சிதத்தோடும் மணியன் என்ற நாயோடும் சிட்னியிலிருந்து நியூ கலிடோனியாத் தீவுகளுக்குப் புறப்பட்டார்.

கட்டுரைதான் எழுத உட்கார்ந்தேன். குறிப்பேட்டின் பக்கங்களைத் திருப்பியதுதான் பிழை. முன்பக்கங்களில் அவருடைய நீல மை. பின்பக்கங்களில் பென்சிலில் வேறொரு கையெழுத்து.

மை: "இன்று கடல் என்னைச் சோதித்தது. நான் அசையவில்லை."

அதே நாள், பென்சில்: "தென்கிழக்குக் காற்று, பலம். பெரிய பாயைச் சுருக்கினேன். அவர் இரண்டு தரம் சத்தி. மணியன் சோறு முழுக்கச் சாப்பிட்டான்."

2

முதல் தொடக்கம்: "சோழர் கப்பல்கள் ஓய்ந்தபின் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு தமிழனுக்காகக் காத்திருந்த மாகடல்—"

(நிறுத்திவிட்டேன். கடல் யாருக்காகவும் காத்திருந்ததாகத் தெரியவில்லை. வரதராஜாவின் தகப்பனார் ரயில் நிலைய அதிபர், பாட்டனாரும் அதுவே. பரம்பரையில் தூரப் பயணம் போனவர்கள் உண்டு, ரயிலில்.)

இரண்டாம் தொடக்கம்: "வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற அலைகளின்—"

(நான் அலையைப் பார்த்தது மான்லி போகும் பயணிகள் படகில். அன்றும் உள்ளேதான் இருந்தேன்.)

மூன்றாவது பென்சிலில் இருந்தது: "மணியன் மூன்று நாளாக ஒன்றுக்கும் போகவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

மணியன் நல்ல வளர்ப்பு. வீட்டுக்குள் அசிங்கப்படுத்தக்கூடாது என்று இரஞ்சிதம் பழக்கியிருந்தாள். படகும் வீடுதானே என்று அவன் அடக்கிக்கொண்டிருந்தான். குசினிக் கதவடியில் கிடந்த தும்புக் கால்மிதியை அவள் கொண்டுவந்திருந்தாள். அதைப் படகின் முன்முனையில் விரித்தாள். அவன் மோந்து பார்த்தான், திரும்பி வந்து படுத்தான். வயிறு கல்லாக இருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கீழே வாளிக்குள் தலையை வைத்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், கரை தெரியுதே?"

"கரையை விட்டு வந்துதானே மூண்டு நாள்."

அவள் சுக்கானைக் கயிற்றால் கட்டினாள். இன்னொரு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினாள். நாயை அணைத்துக்கொண்டு நாலு காலில் முன்முனைக்கு ஊர்ந்துபோய், கால்மிதிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொரு அலைக்கும் இருவரும் நனைந்தார்கள்.

"போடா ராசா. ஒருத்தரும் பாக்கேல்லை. அவரும் கீழை."

அரை மணித்தியாலம். பிறகு போனான். இரஞ்சிதம் கை தட்டினாள்.

"என்ன, கரையே?" என்றது கீழேயிருந்து.

அன்றைய மை: "மூன்றாம் நாள். கப்பலைப் பூரணமாக என் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தேன்."

3

நியூ கலிடோனியாவின் நூமியாத் துறைமுகத்தில் ஆறேழு படகுகள் அருகருகே நங்கூரமிட்டிருந்தன. மாலை ஐந்து மணிக்கு யாராவது ஒருவரின் தளத்தில் எல்லாரும் கூடுவார்கள். குடிக்கப் போத்தல், கடிக்கக் கடலை, அளக்கத் தூரம். வரதராஜா பொன் நூல் தைத்த தொப்பியோடு போவார். யாரும் கேட்காமலே தன்னைக் கப்டன் என்று அறிமுகப்படுத்துவார். மற்ற ஆண்களும் கப்டன்களே. அந்தத் தளத்தில் மாலுமி என்று ஒருவருமில்லை.

பெறில் மட்டும் தொப்பி போடவில்லை. மெல்பேர்ன்காரி, விதவை, இரண்டு குட்டை நாய்களோடு தனியே படகோட்டுபவள். (இவளை நான் சந்தேகித்தேன். விஷயம் தெரிந்த ஒருத்தி சரியான நேரத்தில் வந்து சேர்வது கதைக்காரர்களின் சோம்பல். நீக்கிப் பார்த்தேன். ஆனால் பென்சிலில் எட்டுப் பக்கம் அவள் இருக்கிறாள். நான் என்ன செய்ய?)

"நாய் நல்லாயிருக்கிறது. எப்போதும் தீவுகளிலேயே இருந்துவிடுவதாக உத்தேசமோ?" என்று பெறில் கேட்டாள்.

"இல்லை, ஒக்டோபரில் வீட்டுக்கு."

பெறில் கிளாஸைக் கீழே வைத்தாள். "உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா? வெளியே வந்த நாயைத் திரும்ப இறக்க விடமாட்டார்கள். நோய்த் தடுப்புச் சட்டம். நான் நாலு வருடமாகச் சுற்றுகிறேனே, ஊர் பிடிக்காமலா?"

இரஞ்சிதம் அன்று கடலையைத் தொடவில்லை. படகுக்குத் திரும்பியதும் புருஷனைப் பிடித்தாள்.

"இது உங்களுக்குத் தெரியுமோ?"

"உமக்கு விளங்காது. அது வெளிநாட்டு நாய்க்கு. மணியன் நார்த்மீட்டிலை பிறந்தவன். நாங்களே சிற்றிசன் எடுத்திட்டம். அவன் பிறவிச் சிற்றிசன்."

மறுநாள் தட்டச்சுப் பொறியை எடுத்தார். மணியன் பிறந்த திகதி, தாய் நாயின் பெயர், வீட்டு இலக்கம், தெரு எல்லாம் போட்டு ஒரு பிறப்புப் பத்திரம் தயாரித்து, மூன்று பிரதி அடித்தார். பக்கத்துப் படகுக்காரர் சிட்னியில் சமாதான நீதவானாக இருந்தவர். அவரிடம் ஒப்பமும் வாங்கினார்.*

* அடிக்குறிப்பு போல ஒன்று: சிரிக்கவேண்டாம். கடதாசியால் உள்ளே வந்தவர்கள், கடதாசி காட்டினால் எதுவும் உள்ளே வரும் என்று நம்புவது இயல்பு. என் அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது.

4

ஒக்டோபர் கடைசி, சிட்னியின் வாட்சன்ஸ் பே. அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் இறங்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றியிருந்தார்கள். வரதராஜா தொப்பியோடும் மூன்று பிரதிகளோடும் நின்றார். இரஞ்சிதம் மணியனின் கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டிருந்தாள்.

மோட்டார் லோஞ்சில் வந்த அதிகாரி நல்ல மனிதர். (கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுகம். ஆனால் அவள் சொன்னாள்: "பாவம், அந்தாளின்ரை வீட்டிலையும் நாய் இருக்காம்.") பிறப்புப் பத்திரத்தை முழுக்க வாசித்தார். சுத்தமான தட்டச்சு என்று பாராட்டினார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆக, பருத்தித்துறையில் பிறந்த இருவர் இறங்கலாம். நார்த்மீட்டில் பிறந்த ஒருவன் இறங்கக்கூடாது. நாய் படகிலேயே இருக்கவேண்டும். படகு கரையைத் தொடக்கூடாது. நவம்பர் முடியமுன் இந்தத் தண்ணீரை விட்டுப் போகவேண்டும், இல்லையேல் நாயைக் கொல்லும் ஊசி. அதற்குள் நாயின் ஒரு கால் கரையில் பட்டாலும் படகின் தலைவர் மேல் வழக்கு, சிறை மறியலும் கிடைக்கலாம்.

"தலைவர் இங்கே ஒப்பமிடவேண்டும். தலைவர் யார்?"

ஐந்து மாதமாக வரதராஜா யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"சரியாகச் சொல்லப்போனால்," என்றார் ஆங்கிலத்தில், "படகை அதிகமாகச் செலுத்தியது என் மனைவி."

குறிப்பேட்டின் ஐந்து மாதப் பக்கங்களிலும் நான் தேடிய வாக்கியம். அதை அவர் எழுதவில்லை, சொல்லிவிட்டார்.

இரஞ்சிதம் பேனாவை வாங்கித் தன் முழுப்பெயரையும் எழுதினாள். எழுதிவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"இனி நீங்கள் இந்த லோஞ்சிலை போங்கோ. திங்கட்கிழமை லீவு முடிஞ்சு கந்தோரெல்லோ."

"நீர்?"

"நான் கையெழுத்து வைச்சிட்டன்."

"ஒரு நாய்க்காக எத்தினை நாள் தண்ணிக்கை இருக்கப் போறீர்?"

"அவன் மூண்டு நாள் அடக்கிக்கொண்டு இருந்தவன். நானும் இருந்து பாக்கிறன்."

5

இதுவரை எழுதியதை வரதராஜாவிடம் கொடுத்தேன். இன்று மத்தியானம் டெலிபோன் வந்தது.

"தம்பி, அந்தத் தொப்பி கழட்டினதை எதுக்கு எழுதினனீர்?"

"கழட்டினனீங்கள்தானே அண்ணை."

"வெயிலுக்குக் கழட்டினது."

"வெயிலுக்கு ஆரும் தொப்பியைக் கழட்டுவினமோ?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவது கேட்டது.

"சத்தி எடுத்ததை ஒருக்காச் சொன்னால் காணாதோ?"

"பென்சிலிலை பதினொரு இடம் அண்ணை. குறைச்சிருக்கிறன்."

பிறகு குரல் இறங்கியது. "நீர் ஞாயிற்றுக்கிழமை அங்கை போனனீராம். என்ன சொன்னவ?"

போனேன். வாடகைத் தோணியில், துடுப்புக்காரரைப் பிடித்தபடி. அவள் மேலே நின்றே கதைத்தாள். "ஏறாதேங்கோ. மணியனைத் தொட்டால் உங்களுக்கும் ஒரு பத்திரம் தருவினம்." நீண்ட நேரம் கதைத்தாள். நான் எழுதுகிறேன் என்றதும் சொன்னாள்: "எழுதுங்கோ. ஆனால் என்னை ஒரு பாவப்பட்ட மனிசியாக்கிப் போடாதேங்கோ. திரும்பத் தீவுக்கு, பெறிலிட்டைப் போறன். வெளிக்கிடுற கடதாசியும் கிடைச்சிட்டுது. புயல் காலம் முத்த முன்னம் போய்ச் சேரவேணும். வெள்ளிக்கிழமைக் காத்து நல்லது."

இதை அவரிடம் சொன்னேன்.

"வெள்ளி எண்டால் நாளைக்கு," என்றார்.

"ஓம் அண்ணை."

"அரிசியும் மாவும் நாய்க்குத் தீனும் கொண்டுவரச் சொன்னவ. காலமை கொண்டுபோறன்." பிறகு, "அவ்வளவுதான் சொன்னவவோ?"

6

முடிவுகள்.

(அ) வரதராஜா விரும்புவது: நாயை இறக்கவிடும்படி அமைச்சருக்கு அவர் எழுதிய கடிதம் பலிக்கிறது. மணியன் மாலையோடு இறங்குகிறான். சங்கத் தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசுகிறார். நாய் நித்திரையாகிறது, சபையும்.

(ஆ) மலர்க் குழு விரும்புவது: கண்ணீர். அவள் நாயை ஒப்படைக்கிறாள். இதை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். அதிகாரி கையை நீட்டுகிறார், அவள் கழுத்துப் பட்டியிலிருந்து விரலை—

எடுக்கவில்லை. மூன்று தரமும் எடுக்கவில்லை. நான் எழுதினால் எடுப்பாள் என்று நினைத்தது என் பிழை.

(இ) நாளைக் காலை. இன்னும் நடக்காதது, ஆகவே குறிப்பேடும் இல்லை, மையும் இல்லை, பென்சிலும் இல்லை.

ஏழு மணிக்கு வரதராஜாவின் தோணி 'கடல் வேந்தனோடு' உரசி நிற்கும். அவள் அரிசி மூட்டையை வாங்குவாள், மாவை வாங்குவாள், நாய்த் தீனை வாங்குவாள். சாமான் முடிந்துவிடும். அவர் படகின் விளிம்பைப் பிடித்தபடி நிற்பார். அவள் சொல்வாள்:

"நாலு மணித்தியாலத்துக்கு ஒரு காவல். பாயை எப்ப சுருக்கிறதெண்டு நான் சொல்லுவன். சத்தி எடுத்தாலும் உங்கடை முறைக்கு எழும்பவேணும். ஏறுறதெண்டால் ஏறுங்கோ."

இதை நான் கற்பனை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோணியில் இருந்த என்னிடம், கணக்காக இந்தச் சொற்களில், அவள் சொல்லிப் பார்த்தாள். "கடுமையா இருக்கோ?" என்று கேட்டாள். "கொஞ்சம்," என்றேன். "இருக்கட்டும்," என்றாள்.

அவள் போகிறாளா என்பதை உங்களிடம் விடப்போவதில்லை. அது முடிந்த காரியம். எனக்கும் அதில் பேச இடமில்லை. நாயும் உங்கள் கையில் இல்லை. உங்களுக்குத் தரக்கூடியது ஒரேயொரு மனிதர்: ஐம்பத்திரண்டு வயது, ஒரு கால் தோணியில், இரண்டு கையும் படகில், திங்கட்கிழமை கந்தோர்.

ஏற்றுவதா, இறக்குவதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆறப்போட்டு யோசிக்க நேரமில்லை. அவள் முன்முனைக்குப் போய், நங்கூரச் சங்கிலியை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.